மழைக்குப் பிறகு நெட் விட்டு விட்டு வருகிறதா? மதர்போர்டை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: திருவொற்றியூரில் மாடி வீடு. ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் பின்னறையில். நடுவே லேன் கேபிள் ஜன்னல் வழியாக வெளியே போய், வெளிச்சுவர் ஓரமாக ஓடி, மறுபடி உள்ளே நுழைகிறது. உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட அசெம்பிள்டு டெஸ்க்டாப். போன வார மழைக்குப் பிறகு நெட் விட்டு விட்டு வருகிறது. வராத நேரத்தில் பிரவுசர் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று காட்டுகிறது. அப்போதும் செல்போனில் வைஃபை நன்றாக ஓடுகிறது. டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் சேவை) மாற்றிப் பார்த்தாயிற்று. உபுண்டுவை அழித்துப் புதிதாகப் போட்டும் ஆயிற்று. பயனில்லை. பழுது பார்க்க வந்தவர், லேன் போர்ட் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஒரு மணி நேரச் சோதனை முடியும்வரை எதையுமே வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது அந்த வெளிச்சுவர்க் கேபிள் மேல்தான். அந்தச் சந்தேகத்தை எப்படி உறுதி செய்வது, அது தவறென்றால் அடுத்து எங்கே பார்ப்பது, இரண்டையும் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

நீங்கள் ஏற்கனவே செய்தவற்றிலிருந்தே பாதி விடை கிடைத்துவிட்டது. செல்போன் அதே ரவுட்டரில் ஓடுகிறது என்றால், தெருவிலிருந்து வரும் ஃபைபர், அந்த ஃபைபர் வந்து சேரும், சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி பெட்டி, நெட் கொடுக்கும் கம்பெனியின் பக்கம், இந்த மூன்றும் சரியாக இருக்கின்றன. ஃபைபரில் ஒளி வரவில்லை என்றால் ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும், செல்போனிலும் நெட் வராது. ஆனால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சோதிக்கும்போது செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் நெட் வராவிட்டால் பல போன்கள் தாமாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். நாம் வைஃபை ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

உபுண்டுவை மறுபடி போட்டதும் வீண் வேலை இல்லை. அமைப்புகளில் எதையோ தவறாக மாற்றி வைத்ததால் வந்த பழுது என்றால் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மிஞ்சியிருப்பவை கேபிள், அதன் இரு முனைகளிலும் உள்ள போர்ட்டுகள், நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள். இவற்றில் மழைக்கும் டிரைவருக்கும் தொடர்பே கிடையாது.

'சர்வர் கிடைக்கவில்லை' என்ற செய்தியைப் பார்த்ததும் எல்லோரும் டிஎன்எஸ்ஸில்தான் கை வைக்கிறார்கள். அது இயல்புதான். பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதல் வேலையாக அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்கிறது. கம்பி அறுந்திருந்தாலும், ரவுட்டர் அணைந்திருந்தாலும், டிஎன்எஸ் உண்மையிலேயே கெட்டிருந்தாலும், முதலில் தோற்பது அந்தக் கேள்விதான். அதனால் மூன்றுக்கும் ஒரே செய்தி வருகிறது. 'நேரம் கடந்துவிட்டது' என்று வந்தால் கதை வேறு. அப்போது பெயருக்கு எண் கிடைத்துவிட்டது, அந்த எண்ணிடமிருந்துதான் பதில் வரவில்லை. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றால் எதிர்ப்பக்கம் வரை போய்ச் சேர்ந்துவிட்டோம், அங்கே கதவு சாத்தியிருக்கிறது. ஆகவே அந்தச் செய்தியில் உள்ள சொற்களை அப்படியே எழுதிக்கொள்வது நல்லது. 'நெட் வரலை' என்று மட்டும் சொன்னால் இந்த வேறுபாடெல்லாம் காணாமல் போய்விடும்.

சரி, சோதனைக்கு வருவோம். நெட்வொர்க் பழுதைக் கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். முதலில் கம்பி, அப்புறம் கார்டு, அப்புறம் முகவரி, அதற்கு மேல் ரவுட்டர், வெளியுலகம், கடைசியாகத்தான் பெயர். கீழ்ப்படி ஆடிக்கொண்டிருக்கும்போது மேல்படியில் எதை மாற்றினாலும் நிற்காது.

டெர்மினலைத் திறந்து 'சுடோ டிமெசேஜ்' கட்டளையை 'ஃபாலோ' என்ற விருப்பத்தோடு கொடுங்கள். பெயர் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்து. விருப்பம் ஹைஃபன், டபிள்யூ. இது உபுண்டுவின் மையப் பகுதியான கர்னல் எழுதும் குறிப்புகளை உடனுக்குடன் திரையில் ஓட்டும். அதை ஓடவிட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய் லேன் கேபிளை மெல்ல அசையுங்கள். கனெக்டரை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். பிறகு ஜன்னல் பக்கம் போய், கேபிள் மடங்கும் இடத்தில் லேசாக அழுத்துங்கள். வீட்டில் இன்னொருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. 'லிங்க் ஈஸ் டவுன்', அடுத்த சில விநாடியில் 'லிங்க் ஈஸ் அப்' என்று வரிகள் வந்தால் பழுது அந்த இடத்திலேயே பிடிபட்டுவிட்டது. யாரும் தொடாமலேயே இந்த இரண்டு வரிகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தாலும் பொருள் அதுதான்: இணைப்பு மின்சார அளவிலேயே அறுந்து அறுந்து சேர்கிறது. இதற்கும் உபுண்டுவின் அமைப்புகளுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து ஈத்டூல் (இ, டி, எச், டி, ஓ, ஓ, எல்), நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை. 'ஐபி லிங்க்' என்று கொடுத்தால் உங்கள் கார்டின் பெயர் தெரியும். பழைய நாளில் ஈத்0 என்று இருந்தது, இப்போது இஎன்பி3எஸ்0 போல இருக்கும். அந்தப் பெயரை ஈத்டூலுக்குக் கொடுத்தால் வரும் பட்டியலில் இரண்டு வரிகள் போதும். 'லிங்க் டிடெக்டட்' என்பதற்கு எதிரே 'யெஸ்' இருக்கிறதா? 'ஸ்பீட்' என்பதற்கு எதிரே 1000 இருக்கிறதா, 100 இருக்கிறதா?

இந்த எண் அவ்வளவு முக்கியம். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும்: கனெக்டரில் 1, 2, 3, 6 ஆகிய இடங்களில் இருப்பவை. நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ அறுந்துபோனால், பல கார்டுகள் 1000-க்கு முயன்று தோற்று 100-க்கு இறங்கிக்கொள்ளும். சில கார்டுகளுக்கு இறங்கத் தெரியாது. அவை ஏறுவதும் விழுவதுமாகவே இருக்கும், உங்களுக்கு நடப்பதுபோல. புதிய கர்னல்களில் இப்படி இறங்கும்போது 'டவுன்ஷிஃப்ட்' என்ற சொல்லோடு, கேபிளைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரியே டிமெசேஜில் வரும். ஆனால் சில ஓஎன்டி பெட்டிகளிலும் விலை குறைந்த ரவுட்டர்களிலும் லேன் போர்ட்டே 100 மெகாபிட்தான். அதனால் 100 என்று வந்த உடனேயே கேபிள் மேல் பழி போடக் கூடாது. சின்னக் கேபிளில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து ஒப்பிட வேண்டும்.

அந்தச் சின்னக் கேபிள் சோதனைதான் எல்லாவற்றிலும் பெரியது. ரவுட்டரோடு பெட்டிக்குள் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு கேபிள் வந்திருக்கும். கம்ப்யூட்டரின் கேபினெட்டை மட்டும் ஹாலுக்குத் தூக்கிப் போங்கள். மானிட்டர் வேண்டாம், ஹாலில் இருக்கும் டிவியோடு எச்டிஎம்ஐயில் இணைத்துவிடலாம். அந்தச் சின்னக் கேபிளால் ரவுட்டரோடு நேராகச் சேர்த்து, அரை மணி நேரம் ஒரு வீடியோ ஓடவிடுங்கள். ஒருமுறைகூட அறாமல் ஓடினால் உங்கள் லேன் போர்ட் நன்றாக இருக்கிறது, மதர்போர்டும் நன்றாக இருக்கிறது. அங்கேயும் அறுந்தால், ரவுட்டரில் வேறொரு லேன் போர்ட்டில் செருகி மறுபடி பாருங்கள். ரவுட்டர் பக்கத்துப் போர்ட் கெட்டிருப்பதும் உண்டு, அதை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால், எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

ஹாலில் நன்றாக ஓடியது என்றே வைத்துக்கொள்வோம். என் எண்ணப்படி அப்படித்தான் ஆகும். திருவொற்றியூர், ராயபுரம், பட்டினப்பாக்கம், திருவான்மியூர் எல்லாமே கடலோரம். உப்புக் காற்று கனெக்டரின் செம்புத் தகடுகளை அரிக்கும். அவற்றின் மேல் தங்கமுலாம் இருக்கும், ஆனால் மிக மெல்லியது. தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையோ கருமையோ தெரிந்தால், துடைத்துவிட்டுத் திரும்பச் செருகாதீர்கள். வெட்டியெறிந்து புதிய கனெக்டர் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். எட்டுக் கம்பிகளின் வரிசை இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கொக்கி கீழ்ப்பக்கமும் கம்பி நுழையும் வாய் உங்கள் பக்கமும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சையின் இரண்டு கம்பிகளும் பிரிந்து, நீல ஜோடி நடுவில் உட்காருவதைக் கவனியுங்கள். அழகுக்காக ஜோடி ஜோடியாக அடுக்கினால், சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் நெட் ஒழுங்காக ஓடாது.

கேபிளையே மாற்றுவது என்று முடிவு செய்தால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, வெளிச்சுவரில் ஓடுவதற்கு வெளிப்புறக் கேபிள்தான் வேண்டும். வீட்டுக்குள் போடும் கேபிளின் பிவிசி உறை சென்னை வெயிலில் சில கோடையிலேயே விறைத்து வெடித்துவிடும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் மழைத் தண்ணீருக்கு அது போதும். வெளிப்புறக் கேபிளில் வெயில் தாங்கும் பாலிஎதிலீன் உறை, பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். இரண்டாவது, முழுச் செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். விலை மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். ஒரு கம்பியை உறை நீக்கி பிளேடால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும், நாலைந்து முறை வளைத்தாலே ஒடிந்துவிடும். ஈரக் காற்றில் அந்த அலுமினியம் சீக்கிரம் கெட்டுப்போகும். ரிச்சி தெருவில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரியும். இந்த ஒரு இடத்தில் விலை பார்க்காதீர்கள். ஒருமுறை ஒழுங்காகப் போட்டால் பல வருடம் தொடவே வேண்டாம்.

அப்புறம் கேபிள் ஜன்னலுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் வெளியே அரை வட்டமாகத் தொங்கவிட்டு, கீழிருந்து மேலேறி உள்ளே வருவதுபோல அமையுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப் போய்விடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை முடிந்த மறுநாள், எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கேபிளின் கனெக்டரைக் கழற்றியபோது உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. மாடியில் எங்கோ உறை கிழிந்து, கேபிளின் உட்புறமே குழாய்போல ஆகி, இரண்டு மாடி இறங்கி அறைக்குள் வந்திருக்கிறது. அந்தக் கேபிள் செருகியிருந்த நெட்வொர்க் ஸ்விட்சின் (பல லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) ஒரு போர்ட் அதோடு போயிற்று. வெளியிலிருந்து பார்க்கும்போது கேபிளில் ஒரு கீறலும் தெரியவில்லை.

சரி, ஹாலில் சின்னக் கேபிளிலும், ரவுட்டரின் எல்லாப் போர்ட்டிலும் லிங்க் வரவே இல்லை என்றால்? இடி மின்னலின்போது மொட்டை மாடி வழியாகவோ வெளிச்சுவர் வழியாகவோ ஓடும் செம்புக் கேபிள் மின்னதிர்வைக் கொண்டுவந்து லேன் போர்ட்டைக் கொன்றிருக்கலாம். அப்போதும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. மற்றதெல்லாம் ஓடும்போது ஒரு போர்ட்டுக்காக போர்டையே மாற்றச் சொல்வது நியாயமில்லை. ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் நெட்வொர்க் கார்டோ, யுஎஸ்பியில் செருகும் ஜிகாபிட் அடாப்டரோ போதும். பொதுவாகக் கிடைக்கும் ரியல்டெக், ஆசிக்ஸ் சிப் உள்ள அடாப்டர்களுக்கு லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. செருகியதும் வேலை செய்யும். செலவு மதர்போர்டு விலையில் சிறு பங்குதான். பழுது லேன் போர்ட் பக்கம்தானா என்று பார்க்கப் பணமே செலவழிக்காத வழியும் உண்டு. செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். உபுண்டு அதை இன்னொரு கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். அதில் நெட் நன்றாக ஓடினால் உபுண்டுவின் பொதுவான நெட் அமைப்புகளில் குறை இல்லை. பழுது லேன் போர்ட்டிலோ, அதன் டிரைவரிலோ, கேபிளிலோதான். டிரைவர் ஏதாவது இறக்க வேண்டி வந்தாலும் இந்த வழிதான் கைகொடுக்கும்.

போர்ட் செத்ததுபோலத் தோன்ற வைக்கும் இன்னொரு நிலைமை, அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருப்பது. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' போட்டிருந்தால் ஷட்டவுன் செய்யும்போது அது முழுமையாக அணைவதில்லை. சில ரியல்டெக் கார்டுகள் உறக்க நிலையிலேயே விடப்படுகின்றன. அடுத்து லினக்ஸ் ஏறும்போது கார்டு இருக்கும், லிங்க் வராது. கேபினெட்டின் பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் சரியாகிவிடும். விண்டோஸில் அந்த அமைப்பை அணைத்துவிட்டால் மறுபடி வராது. நீங்கள் விண்டோஸ் பற்றி எழுதவில்லை. இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.

லிங்க் உறுதியாக நிற்கிறது, 1000 என்று காட்டுகிறது, ஆனாலும் நெட் வரவில்லை என்றால் அடுத்த படி முகவரி. 'ஐபி அட்ரஸ்' கட்டளையில் உங்கள் கார்டுக்கு எதிரே 192.168 என்று தொடங்கும் எண் வந்தால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், கேட்டும் யாரும் கொடுக்காததால் கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. எந்த எண்ணும் இல்லை என்றாலும் பொருள் அதேதான். லிங்க் இருந்தும் இப்படி ஆனால் ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்ப்பது நியாயம்.

அப்புறம் 'ஐபி ரூட்'. அதில் 'டீஃபால்ட்' என்று தொடங்கும் வரியில் இருக்கும் எண்தான் ரவுட்டர், வெளியே போகும் வாசல். அதைப் பிங் செய்யுங்கள். ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங், 1983-ல் மைக் மூஸ் எழுதிய சின்னக் கருவி. நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனாரிலிருந்து எடுத்த பெயர். இன்றைக்கும் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான். ஆனால் 127.0.0.1-ஐயோ உங்கள் சொந்த முகவரியையோ பிங் செய்து 'ஓடுகிறது' என்று திருப்திப்படாதீர்கள். அந்தப் பதில் கம்ப்யூட்டருக்குள்ளேயே சுற்றி வருகிறது, கேபிளைத் தொடுவதே இல்லை. ரவுட்டருக்கு ஐந்து நிமிடம் பிங் ஓடவிடுங்கள். வீட்டுக்குள் கம்பி வழியில் ஒரு பாக்கெட்கூட (அனுப்பும் தகவல் துண்டு) தொலையக் கூடாது, நேரமும் ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். இங்கேயே தொலைந்தால் மறுபடி கேபிளுக்குத்தான் போக வேண்டும். 'ஐபி லிங்க்' கட்டளையைப் புள்ளிவிவரத்தோடு, அதாவது நடுவில் ஹைஃபன், எஸ் சேர்த்துக் கொடுத்தால், பிழை எண்ணிக்கை தெரியும். அது ஏறிக்கொண்டே போனால் கம்பியில் கோளாறு உறுதி.

கேபிள் நன்றாக இருந்தும் ரவுட்டர் வரையே விட்டு விட்டுப் போவதற்கு நான் அடிக்கடி பார்த்த காரணம் ஒன்று உண்டு: ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்கு. கம்ப்யூட்டருக்கு நிலையான முகவரி வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லி 192.168.1.5 என்று வைத்திருப்போம். ரவுட்டருக்கு அது தெரியாது. டிவிக்கோ போனுக்கோ அதே எண்ணைக் கொடுத்துவிடும். அந்த டிவி போட்டிருக்கும்போது மட்டும் கம்ப்யூட்டரில் நெட் தடுமாறும். நிலையான முகவரி வேண்டுமென்றால் ரவுட்டர் அமைப்பிலேயே அந்தக் கார்டுக்கு என்று ஒதுக்கிவையுங்கள். உபுண்டு பக்கம் 'தானாகப் பெறு' என்றே இருக்கட்டும். ஓஎன்டிக்குப் பின்னால் சொந்தமாக இன்னொரு ரவுட்டர் வைத்திருந்தாலும் கவனம். இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தால் குழப்பம் நிச்சயம். ஒன்றை 192.168.2.1 என்று மாற்றிவிடுங்கள்.

ரவுட்டர் வரை சரி என்றால் வெளியுலகில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-ஐப் பிங் செய்யுங்கள். எண் ஓடி, பெயரைக் கொடுத்தால் மட்டும் ஓடவில்லை என்றால், இப்போது, இப்போதுதான், டிஎன்எஸ். உபுண்டுவில் பலர் ரிசால்வ் கான்ஃப் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றுகிறார்கள். அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போடும்போது பழையபடி ஆகிவிடுகிறது. அந்தக் கோப்பை சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற சேவை தன் கையில் வைத்திருக்கிறது, அதில் தெரியும் 127.0.0.53 அந்தச் சேவையின் உள்முகவரிதான். அது பழுது இல்லை, அதை அழிக்காதீர்கள். நெட்வொர்க் அமைப்புத் திரையில், ஐபிவி4 பகுதியில், டிஎன்எஸ் என்ற இடத்தில் 'தானாக' என்பதை அணைத்து 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கொடுத்தால் நிலைக்கும். விபிஎன் ஏதாவது போட்டு எடுத்திருந்தால் அது விட்டுப்போன டிஎன்எஸ்ஸோ வழித்தடமோ மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிங் எல்லாம் ஓடுகிறது, சில தளம் திறக்கிறது, சில தளம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் பாக்கெட்டின் அளவைப் பார்க்க வேண்டும். வழக்கமான அளவு 1500 பைட். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து ரவுட்டர் இணையும் பிபிபிஓஇ இணைப்பில் எட்டு பைட் குறைந்து 1492 ஆகும். சிறிய பாக்கெட் போய்விடும், பெரியது நடுவழியில் தொலையும். பிங்கில் துண்டாக்கத் தடை போட்டு 1472 அளவு கொடுத்துப் பாருங்கள், தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 மட்டும் போனால், எம்டியுவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, 1492 என்று வைத்தால் தீர்ந்தது.

கடைசியாக ஒன்று, நெட்வொர்க்கே இல்லாத நெட்வொர்க் பழுது. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பிரவுசர் எந்தத் தளத்தின் சான்றிதழையும் நம்பாது, எதைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். மூலையில் தெரியும் தேதியை ஒருமுறை பார்த்தால் போதும். அந்தப் பேட்டரி பக்கத்து வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கேபிள் இழுப்பது தொல்லை, வைஃபை டாங்கிள் வாங்கிவிடலாமே என்று தோன்றும். வாங்கலாம், ஆனால் நடுவில் எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டும்போது மிகவும் மெலியும். 2.4-ல் அக்கம் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று பேசிக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது பக்கத்தில் செருகிய டாங்கிள் தடுமாறுவதும் உண்டு. ஒரு சின்ன யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் குறையும். வைஃபையில் சற்று நேரம் சும்மா இருந்தால் அறுகிறது என்றால், நெட்வொர்க் மேனேஜரில் பவர்சேவ் மதிப்பு 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள். நகராத டெஸ்க்டாப்புக்கு நான் கேபிளைத்தான் சொல்வேன்.

புதிய கேபிள் போட்ட பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கத் தொடங்கினால் பவர் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது. லேன் கேபிளையும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. உங்கள் வெளிச்சுவரில் ஓடுவது செம்பு.

நாளை ஹாலில் டிவியோடு இணைத்துப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு விவரம் எழுதுங்கள்: சின்னக் கேபிளில் ஸ்பீட் எவ்வளவு காட்டியது, பின்னறையில் பழைய கேபிளில் எவ்வளவு காட்டியது. முதலாவது 1000, இரண்டாவது 100 என்றால் நேராகக் கேபிள் வாங்கக் கிளம்பிவிடலாம்.